எந்தக் கிணத்துத் தண்ணி?

அண்ணன் மகள் கோவையில் மருத்துவம் படிக்கிறாள். போன வாரம் போனில், "சித்தப்பா, தண்ணி, காத்து, குப்பைன்னு ஒரு பாடம். மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துட வேண்டியதுதான்" என்றாள். எனக்கு உடனே ஊர் ஞாபகம் வந்துவிட்டது. காமர்ஸ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கணக்கும் இருக்கிறது.

எங்கள் வேலந்தாவளம் இருக்கும் அதே சித்தூர் தாலுகாவில்தான் பிளாச்சிமடை. மழை குறைவு, கிணறுதான் கதி. 2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கொஞ்ச காலத்தில் கிணறுகளில் தண்ணீர் இறங்கியது. இருந்த தண்ணீரும் குடிக்க உதவவில்லை, குளித்தால் அரிக்கிறது என்றார்கள் பெண்கள். 2002 ஏப்ரல் 22-ல் ஆலை எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா.

ஆலைக் கசடை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். 2003-ல் பிபிசி வானொலி அதைச் சோதனைக்கு அனுப்பியது. காரீயமும் காட்மியமும் இருந்தன. முன்னது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், பின்னது சிறுநீரகத்தை. ஆபத்தில்லை என்றது நிறுவனம். 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

2010-ல் கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு, நஷ்டம் சுமார் 216 கோடி ரூபாய் என்றது. அதை வாங்கித் தரத் தீர்ப்பாயம் அமைக்க 2011-ல் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதி ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே போய்விட்டார்.

வங்கியில் இருபது வருஷம் இருந்தவனுக்குத் தெரியும், ரசீது இல்லாத நஷ்டத்தை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். உடம்புக்கு வந்த நஷ்டத்துக்கு ரசீது எழுதக்கூடியவர் டாக்டர் மட்டும்தான். சீட்டில் 'அரிப்பு, களிம்பு' என்று மட்டும் எழுதினால் அது ஒரு ஆளின் நோய். எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று ஒரு வரி சேர்த்தால் ஊரின் நோய் தெரியும்.

கற்பனை இல்லை. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்கே எண்மகஜெ பஞ்சாயத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் மோகன் குமார், சின்ன வட்டாரத்துக்குள் இத்தனை வினோத நோய்கள் ஏன் என்று யோசித்தார். எந்த வீடு, எந்த ஓடை என்று பார்த்தார். 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுக்கத் தடை செய்ததற்குப் பின்னால் அப்படிப்பட்டவர்களின் குறிப்புகளும் இருக்கின்றன.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எங்க ஓ.பி. சீட்டுல அதுக்கு இடமே இல்ல சித்தப்பா" என்றாள்.

ஓரத்தில் எழுதும்மா என்றேன்.