தாயில்பட்டித் தொழிலாளரின் முதுமைக்கால இருப்பிடத் தேர்வு: உடன்வரும் உரிமைகளும் உடன்வராதவையும்

1. ஆய்வுப் பொருள்

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டி, வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்த ஆண்டுகளில் பட்டாசு வேலையே பல வீடுகளில் உலை வைத்தது. குழாய் உருட்டி, மருந்து செலுத்தி, திரி பின்னிய கைகள் ஓயும் வயதில் பிள்ளைகள் ஊரில் இருப்பதில்லை. பிழைப்பு அவர்களைக் கேரளத்துக்கோ பெங்களூருக்கோ கொண்டுசென்றிருக்கும். "எங்களோடு வந்து இருங்க" என்ற அழைப்பை ஏற்பதா, ஊரிலேயே தங்குவதா? பாசம் பாதி விடை. எந்த உரிமை மாநில எல்லை தாண்டி உடன்வரும், எது வராது என்பது மறுபாதி. அந்த மறுபாதியே இங்கு ஆய்வுக்குரியது.

2. உடன்வருபவை

2.1 பி.எஃப். ஓய்வூதியம்: 1995ஆம் ஆண்டுத் திட்டப்படி, பத்தாண்டுப் பணிக்கணக்கு இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பது கணக்கு. ஊதியம் ரூ.12,000, பணி 10 ஆண்டு எனில் மாதம் சுமார் ரூ.1,714. 2025 ஜனவரி முதல் இதை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெறலாம்.

2.2 இ.எஸ்.ஐ. மருத்துவம்: ஐந்தாண்டுக்குக் குறையாமல் காப்பீட்டில் இருந்து, வயது நிறைந்து ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு ரூ.120 செலுத்தினால், அவருக்கும் துணைவருக்கும் சிகிச்சை தொடரும்.

2.3 ரேஷன்: 2020 அக்டோபரில் தமிழகம் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் இணைந்தது. முன்னுரிமை அட்டைதாரர் பிற மாநிலத்திலும் மத்திய ஒதுக்கீட்டுத் தானியத்தைப் பெறலாம். தமிழக அரசு கூடுதலாகத் தருவது அங்கே கிடைக்காது.

3. உடன்வராதவை

3.1 முதியோர் உதவித்தொகை: தமிழகத்தில் இது 2023இல் ரூ.1,200 ஆனது. கேரளத்தில் 2025 நவம்பரில் ரூ.2,000 ஆனது, ஆந்திரத்தில் 2024 ஜூலையில் ரூ.4,000 வழங்கத் தொடங்கினர். தொகை பெரிதென்று அங்கே போய்விட முடியாது: அந்தந்த மாநிலத்தில் குடியிருப்பவர் என்று நிறுவினால்தான் விண்ணப்பமே செல்லும். இங்கே பெயர் நீங்கி அங்கே சேரும்வரை முதியவர் இரண்டுமற்று நிற்கக்கூடும்.

3.2 நடமாட்டம்: 2021 மே முதல் தமிழகச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சிவகாசி ஆஸ்பத்திரிக்குத் தானே போய்வரும் பாட்டி, மொழி தெரியாத ஊரில் மகனின் விடுமுறை நாளுக்குக் காத்திருப்பார்.

3.3 உறவு: குலசாமி கும்பிடும் நாள், பொங்கல் வைக்கும் தெரு, துக்கத்துக்கு ஓடிவரும் பங்காளி. இவற்றை எந்த அட்டையிலும் ஏற்றிக் கொண்டுபோக முடியாது.

4. தேர்வு தொடங்கும் காலம்

உடன்வரும் உரிமைகளில் முதலிரண்டும் வேலைக் கணக்கில் பிறப்பவை. பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே பொருந்தும். சிறு ஆலையிலும், உள்குத்தகைக்கு விட்ட அறையிலும், வீட்டில் சட்டத்துக்குப் புறம்பாகச் செய்யும் வேலையிலும் கூலி கைக்கு வரும், கணக்கில் ஏறாது. கணக்கில் ஒன்பது ஆண்டுகளே ஏறியிருந்தால் மாதாந்தர ஓய்வூதியம் இல்லை. முப்பது ஆண்டு மருந்துப் பொடியைச் சுவாசித்தவருக்கும் இதே விதிதான். அவர் மகன் வீட்டுக்குப் போவது விருப்பத்தால் அன்று, வேறு வழியின்மையால்.

5. முடிபு

ஊரை விடுவதற்குமுன் சில மாதம் போய்த் தங்கிப் பார்ப்பதும், அதுவரை ரேஷன் அட்டையையும் உதவித்தொகையையும் மாற்றாதிருப்பதும் நலம். ஆனால் பெரிய வேலை அதற்கும் முந்தியது. இன்று ஆலைக்குச் செல்லும் இருபத்தைந்து வயதுப் பெண் தன் பி.எஃப். பாஸ்புக்கை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். பதிவு விடுபட்டிருந்தால் அன்றே கேட்க வேண்டும். சிறு ஆலைத் தொழிலாளரையும் அந்தக் கணக்குக்குள் கொண்டுவருவது அரசின் கடன். எங்கே முதுமையைக் கழிப்பது என்று 58இல் அவர் தானே முடிவெடுக்க முடியுமா என்பது, இன்று எழுதப்படும் வரியில் இருக்கிறது.