சோற்றோடு உண்பது: 'கர்ரி' என்ற சொல்லும் நாக்ஸின் ஒரு வாக்கியமும்

ஆங்கிலச் சொல்லான 'கர்ரி', தமிழ்க் 'கறி'யிலிருந்து போர்ச்சுக்கீசியக் 'காரில்' வழியே போனது என்பதைப் பலரும் ஏற்பர். பிணக்கு பொருளைப் பற்றியது. ஐரோப்பியர் ஒலியை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொண்டு பொருளைத் தாமே புனைந்துகொண்டனர் என்றொரு கருத்து ஆய்வுலகில் வேரூன்றியிருக்கிறது. அதற்குச் சான்றாகக் காட்டத்தக்க ஒரு வாக்கியம், என் பார்வையில், அதற்கு எதிராகவே பேசுகிறது.

வாக்கியம் ஆங்கிலக் கடலோடி ராபர்ட் நாக்ஸுடையது. 1660இல் இலங்கையின் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி அரசில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் சிறையிருந்தவர், 1679இல் தப்பினார், 1681இல் லண்டனில் அவருடைய இலங்கை நூல் வெளிவந்தது. கனிகளைப் பற்றிய பகுதியில், மக்கள் அவற்றைப் பழுக்குமுன்பே பறித்து வேகவைத்துக் 'கர்ரீஸ்' ஆக்குகின்றனர் என்கிறார். இது போர்ச்சுக்கீசியர் சொல் என்று குறித்துவிட்டு, சோற்றோடு சுவைக்காகச் சேர்த்து உண்ணப்படுவது என்று விளக்கமும் தருகிறார்.

'போர்ச்சுக்கீசியர் சொல்' என்ற குறிப்பைப் பிடித்துக்கொண்டால் சொல் அயலாருடையதாகிவிடும். ஆனால் நாக்ஸ் சொற்பிறப்பு ஆராயவில்லை. அத்தீவில் ஐரோப்பியர் வாயில் வழங்கிய பெயரைச் சொல்கிறார், அவ்வளவே. சொல்வடிவமும் வழக்கைத் தீர்க்காது. 1598இல் ஆங்கிலத்தில் வந்த டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூலில் சொல்லின் இறுதியில் லகர ஒலி உண்டு, நாக்ஸிடம் இல்லை. அவர் உள்ளூர் வழக்கைக் கேட்டிருக்கலாம். 'காரில்' பன்மையில் 'காரிஸ்' ஆவதால் அதையே கேட்டுமிருக்கலாம். இதில் உறுதியாக ஒன்றும் சொல்வதற்கில்லை.

விளக்கத்தைப் பற்றி அப்படித் தயங்கவேண்டியதில்லை. லின்ஸ்கோட்டன் கண்டது சோற்றின்மேல் ஊற்றும், சற்றே புளித்த மீன்சாறு. அது ஒரு பண்டத்தின் வருணனை. நாக்ஸ் தருவதோ பண்டத்தின் வருணனை அன்று. சாறா, வறட்டலா, காரமா, புளிப்பா என எதையும் அவர் சொல்லவில்லை. காய் எதுவானாலும், சோற்றுக்குத் துணையாக இலையில் வந்தால் அது கறி. அதே பகுதியில் அவர் விரிவாகப் பேசும் பலாவை எடுத்துக்கொள்வோம். பிஞ்சாகப் பறித்து வேகவைத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் கறி. பழுத்தபின் சுளையைத் தனியே தின்றால் கறியன்று. மரம் ஒன்றே, காயும் ஒன்றே. பெயரைத் தருவது சோறு.

இது தமிழ்ப்பொருளேதான். அம்பாசமுத்திரத்து வரகுண பாண்டியன் கல்வெட்டில் புளிங்கறியும் பொரிக்கறியும் இறைவனுக்கான படையலில் இடம்பெறுகின்றன. ஒன்று புளிச்சுவையது, மற்றொன்று பொரித்தது. இரண்டையும் கறியாக்குவது சோற்றோடு அவற்றுக்குள்ள உறவு. யாழ்ப்பாணத்தில் குழம்பாக வைத்த கத்தரிக்காயும் கறி, தேங்காய்ப்பாலில் அவித்த கிழங்கும் கறி. தமிழகத்துப் பேச்சில் பெரும்பாலும் இறைச்சிக்கே அப்பெயர் ஒதுங்கியது பொருட்குறுக்கம். பழம்பொருளுக்கு அது மறுப்பாகாது.

சங்க நூல்களில் 'கறி' மிளகையும் குறிப்பதால் 'கர்ரி'க்கு வேர் காரமே என்பாருமுண்டு. ஆனால் போர்ச்சுக்கீசியர் கரையிறங்கிய காலத்து வழக்கில் அக்காரப்பொருளின் பெயர் 'மிளகு', 'கறி' அன்று. இதற்குமேல் அவ்வாதத்தில் நிற்கத் தேவையில்லை.

பொருள் திரிந்தது பின்னால்தான். 1747இல் ஹன்னா கிளாஸின் சமையல் நூலில் மிளகும் வறுத்த கொத்தமல்லி விதையும் சேர்ந்த ஒரு கோழிச் சமையலுக்கு அது பெயராகிவிட்டது. பின்னர் கடையில் விற்கும் பொடிக்கும் அதே பெயர் வந்தது. புனைவு என்று சொல்லவேண்டுமானால் இந்தக் கட்டத்தைச் சொல்லலாம். 1681ஐச் சொல்ல முடியாது.

ஆங்கில அகராதிகள் பல தமிழ்க் 'கறி'க்கு இன்றும் 'சாறு' என்ற பொருளை முதலில் வைக்கின்றன. சாறு நமக்குக் குழம்பு, இரசம். அகராதி தொகுப்போர் அந்தப் பொருளை நீக்கி, நாக்ஸ் தந்த விளக்கத்தை அவ்விடத்தில் வைக்கவேண்டும்.