இழுப்பறைக்குள் உலகம்

எதிர்காலத் தொழில்நுட்பத்தை முன்கூட்டியே கனவு கண்டவர்களில் டெஸ்லாவையும் ஆர்தர் கிளார்க்கையும் தெரிந்த அளவுக்குப் பால் ஓட்லேயை நமக்குத் தெரியாது. பெல்ஜியத்துக்காரர். வசதியான வீட்டுப் பிள்ளை. வக்கீலுக்குப் படித்தும் அந்தத் தொழிலில் மனம் ஒட்டாமல் நூற்பட்டியல்களுக்குள் புகுந்தவர். 1895இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நண்பர் ஆன்றி லா ஃபோந்தேனுடன் சேர்ந்து அவர் தொடங்கிய வேலையைக் கேட்டாலே தலை சுற்றும்: உலகில் அச்சேறிய ஒவ்வொரு நூலுக்கும் கட்டுரைக்கும் ஓர் அட்டை! லா ஃபோந்தேன் 1913இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினார். ஓட்லே அட்டைகளோடேயே கிடந்தார்.

உள்ளங்கை அகல அட்டையில் நூலின் விவரம், கூடவே ஓர் எண். நூல்களை வகைப்படுத்த அமெரிக்க நூலகர் டியூயி வகுத்த தசம முறையை எடுத்து இருவரும் விரிவாக்கினார்கள். ஒழுக்கவியலுக்கு 17, கலைக்கு 7. கலையையும் ஒழுக்கத்தையும் சேர்த்து ஒருவர் எழுதியிருந்தால் 17:7. நடுவிலுள்ள அந்த இரட்டைப் புள்ளியில்தான் சூட்சுமம். எந்தத் துறையையும் எந்தத் துறையோடும் அது முடிச்சுப் போட்டுவிடும். இன்று நாம் விரலால் தொட்டுத் தாவும் இணைப்புகளுக்கு இதை மூத்த உறவு என்றே சொல்வேன்.

1930களில் அட்டைகள் ஒரு கோடியே இருபது லட்சத்தைத் தாண்டின. கடிதத்திலோ தந்தியிலோ கேள்வி அனுப்பலாம். ஊழியர்கள் இழுப்பறைகளைத் துழாவி, பொருத்தமான அட்டைகளைப் படியெடுத்து அனுப்புவார்கள். சும்மா இல்லை, கட்டணம் உண்டு. பூமராங் பற்றிக் கேட்டவர்கள் உண்டு, பல்கேரியாவின் நிதிநிலை பற்றிக் கேட்டவர்களும் உண்டு. ஆண்டுக்கு 1,500 கேள்விகளுக்கு மேல் வந்த காலமும் இருந்தது.

இத்தனை காகிதத்தோடு மல்லுக்கட்டியவருக்குக் காகிதமே இல்லாத மேசை கனவில் வந்ததில் வியப்பில்லை. 1934இல் ஆவணவியல் குறித்து எழுதிய பெருநூலில் அந்த மேசையை அவர் வருணிக்கிறார். அதில் புத்தகம் கிடையாது. ஒரு திரை, எட்டும் தூரத்தில் ஒரு தொலைபேசி, அவ்வளவுதான். நூல்களெல்லாம் தொலைவில் ஒரு மாபெரும் கட்டடத்தில் இருக்கும். தொலைபேசியில் கேட்டால், கம்பி வழியாகவோ கம்பி இல்லாமலோ வேண்டிய பக்கம் திரையில் வந்து நிற்கும். பல நூல்களை ஒப்பிட வேண்டுமா? திரையை இரண்டாக, நான்காக, பத்தாகக்கூடப் பிரித்துக்கொள்ளலாம். காதால் கேட்க ஒலிபெருக்கி. தொலைக்காட்சியே தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் எழுதியது இது!

ஒன்று மட்டும் அவர் கணக்கில் வரவில்லை. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்து, வல்லுநர்கள் எண் போட்டு அடுக்குவார்கள் என்றே நம்பினார். இன்றைய இணையத்தைப் போல யாரும் எதையும் எழுதிப் போடலாம், அடுக்கி வைக்க ஆளே வேண்டாம் என்ற நிலை அவர் திட்டத்தில் இல்லை. நூலகர் மனம்!

நூல் வெளிவந்த அதே 1934இல் அட்டைகள் இருந்த அவருடைய கூடங்களைப் பெல்ஜிய அரசு மூடியது. 1940இல் நாட்டைப் பிடித்த நாஜிகள், கலைக் கண்காட்சி ஒன்றுக்கு இடம் வேண்டுமென்று சேகரிப்பை அப்புறப்படுத்தினார்கள். டன் கணக்கில் அழிந்தது. 1944 டிசம்பரில் ஓட்லே மறைந்தார். எஞ்சியவை தூசி படிந்து கிடந்தன. 1968இல் பாய்ட் ரேவர்ட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வு மாணவர் தேடிப் போய்ப் பார்த்து, பிறகு ஓட்லேயின் வரலாற்றை எழுதினார். 1998இல் மோன்ஸ் நகரில் அருங்காட்சியகம் வந்தது. மிஞ்சிய மர இழுப்பறைகளை அங்கே பார்க்கலாம். அவர் விரிவாக்கிய எண்முறையோ பல நாட்டு நூலகங்களில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.