நூறைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்குதா? உங்கள் கார் என்ன சொல்கிறது?

ரெங்கம் டவுனிலிருந்து புறப்படுகிறீர்கள். சிம்பாங் ரெங்கம் டோல் வரைக்கும் காரில் ஒரு குறையும் இல்லை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங்கில் லேசாக ஒரு நடுக்கம். 100-ல் கைவிரல் வரைக்கும் அதிருது. 110-ஐ நெருங்கினால் கொஞ்சம் அடங்குது. "ரோடுதான் சரியில்ல போல"ன்னு சொல்லிட்டு, ரேடியோ சத்தத்தைக் கூட்டி ஓட்டிடுறோம்.

அப்படி விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் இது சின்னக் கோளாறுதான். சில நேரங்களில் மட்டும் டயர் பிய்ந்துபோவதற்கு முன் வரும் எச்சரிக்கை. இரண்டையும் பிரித்துப் பார்க்க மூன்று கேள்விகள் உதவும்: எந்த வேகத்தில் வருது? எங்கே தெரியுது? என்ன செய்யும்போது வருது?

ஊருக்குள் ஏன் தெரிவதில்லை?

சிறிய கார்களில் பரவலாக உள்ள 175/65 ஆர்14 டயரை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் அது ஏறக்குறைய 1.83 மீட்டர் உருளும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்கு 16 முறைக்கும் மேல் சுழல்கிறது.

ரிம்மின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் 30 கிராம் எடை கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்? 50 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை வெளியே இழுக்கும் விசை, ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான எடைக்குச் சமம். 110-ல் அதுவே கிட்டத்தட்ட 6 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும். அதனால்தான் கடைத்தெருவில் தெரியாத குறை ஹைவேயில் தெரிகிறது.

சரி, 110-ல் ஏன் அடங்குது? ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தானே உயரமாக ஆடும்? சக்கரமும் சஸ்பென்ஷனும் அப்படித்தான். சுழலும் வேகம் அவற்றின் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போகும் இடத்தில் நடுக்கம் உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டினால் குறையும். நடுக்கம் குறைந்ததால் கோளாறு சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

எங்கே, எப்போது நடுங்குது?

• ஸ்டீயரிங்கில் என்றால், முதல் சந்தேகம் முன்சக்கரங்கள் மீது.

• சீட்டிலும் தரையிலும் என்றால், பின்சக்கரங்களைப் பாருங்கள்.

• பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால், பிரேக் டிஸ்க். "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிப்போகிறது.

• ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால், டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம்.

• கார் நிற்கும்போதே, கியரை 'பி'-யில் வைத்து ஆர்பிஎம்-ஐ ஏற்றினாலும் அதே நடுக்கம் வந்தால், எஞ்சினையோ அதைத் தாங்கும் மவுண்டிங்கையோ பார்க்க வேண்டும். டயருக்குச் செலவழிக்காதீர்கள்.

தோட்டத்துப் பாதையில் போய் வந்தீர்களா?

ரெங்கம், லாயாங்-லாயாங் பக்கம் இருப்பவர்களுக்கு இது முக்கியம். மழை நாளில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் போய் வந்தால், ரிம்மின் உட்பக்கத்தில் சேறு அப்பிக்கொள்ளும். காரை வெளியே கழுவினால் அது போகாது. காய்ந்து கட்டியாகி, சக்கரத்தில் ஒரு பக்கம் எடை போட்ட மாதிரி நிற்கும். மேலே சொன்ன 30 கிராம் இப்படி எளிதில் சேர்ந்துவிடும்.

தோட்டத்துக்குப் போய் வந்த மறுநாள் நடுக்கம் ஆரம்பித்திருந்தால், பணம் செலவழிக்கும் முன் ஒரு தண்ணீர்க் குழாயை எடுத்து, நான்கு ரிம்மின் உட்புறத்தையும் நன்றாகக் கழுவுங்கள். பாதிப் பேருக்கு நினைவுக்கே வராத இடம் அது.

கழுவும்போது ரிம்மில் ஈய எடை ஒட்டியிருந்து விழுந்த தடம் தெரிகிறதா, ரிம்மின் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். லாரிகள் ஓடும் சாலையில் குழியில் ஒரு முறை 'டம்' என்று இறங்கினாலே ரிம் கோணலாகலாம்.

பேலன்சிங் வேற, அலைன்மென்ட் வேற

"கார் நடுங்குது, அலைன்மென்ட் பண்ணுங்க" என்று கேட்டுப் பணத்தை வீணாக்குபவர்கள் நிறைய. அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணம். அது தவறினால் கார் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். பேலன்சிங் என்பது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருப்பது. அது தவறினால்தான் குறிப்பிட்ட வேகத்தில் நடுக்கம் வரும். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது பேலன்சிங்.

அதற்குப் பிறகும் நடுங்கினால், முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போடச் சொல்லுங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கிலிருந்து சீட்டுக்கு இடம் மாறினால், குறை அந்த டயர் அல்லது ரிம்மில்தான்.

எப்போது ஓட்டக்கூடாது?

நடுக்கம் நாளுக்கு நாள் கூடினால், 50, 60-லேயே கார் தள்ளாடினால், 'டப் டப்' என்று சீரான சத்தம் வந்தால், ஹைவேயில் ஏறாதீர்கள். டயரில் வீக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையிலிருந்து, மலாயில் 'புங்கா' என்கிறோமே, அந்த ட்ரெட் பகுதி பிரியத் தொடங்கியிருக்கலாம்.

இது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. காரணம், ஓடும்போதே ட்ரெட் பிரிந்தது. அந்த விபத்துகளில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

டயர் மாற்றிய சில நாளில் நடுக்கம் வந்தால், வீல் நட் தளர்ந்திருக்கலாம். உடனே நிறுத்திப் பாருங்கள். டயர் மாற்றிய பின் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடியும் இறுக்கிச் சரிபார்ப்பது நல்லது.

ஹைவேயில் திடீரென்று பலமாக நடுங்கினால் பிரேக்கை அடித்து மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, சிக்னல் போட்டு மெதுவாக ஓரத்துக்கு வாருங்கள். காரை விட்டு இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று உதவிக்கு அழையுங்கள். அவசர வழியில் குனிந்து டயர் பார்ப்பது வேண்டாம்.

வொர்க்‌ஷாப்பில் எப்படிச் சொல்வது?

"கார் நடுங்குது" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும். ஊகத்துக்கும் காசு நாம்தான் கொடுக்கிறோம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, 90-லிருந்து 105 வரைக்கும் ஸ்டீயரிங் நடுங்குது. பிரேக் போட்டாலும் போடாட்டியும் ஒரே மாதிரிதான். போன வாரம் ஒரு குழியில இறங்குச்சு." பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியாக, டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்று இருந்தால், அது 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது. ட்ரெட் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் பேலன்சிங் பற்றிப் பேசிப் பயனில்லை. தீபாவளிக்கு அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு நீண்ட தூரம் கிளம்புவதற்கு முன், இந்தப் பத்து நிமிட வேலையை முடித்துவிடுங்கள்.