மூன்றாம் நிரல்: முக நரம்பு வலி மருந்தின் வரலாறும் அதன் கெடுதியோடு வாழ்தலும்

ஸுபஹுக்கு எழுந்து வுழூச் செய்வது ஹட்டனில் இலேசான காரியமல்ல. மார்கழி, தை மாதங்களில் குழாயைத் திறந்தால் ஐஸ் போலத் தண்ணீர் வரும். மூன்று வருடங்களுக்கு முன் அப்படியொரு காலையில் முதற் கை நீரை முகத்தில் ஊற்றியபோது, இடது கன்னத்தில் கரண்ட் அடித்தது போல ஒரு வலி வெட்டியது. சில விநாடிகள்தான். இரண்டாம் முறை முகத்தைத் தொட்டதும் மீண்டும் வெட்டியது. குனிந்தபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பல் வலி என்று நினைத்தேன். பார்த்தவரும் அப்படியே நினைத்தார். ஒரு பல் போயிற்று; வலி போகவில்லை. பல் துலக்கினால், சோறு மென்றால், பஸ் ஜன்னலால் காற்று அடித்தால் வலி வந்தது. கடைசியில் வாயைத் திறந்து பேசினாலே வந்தது. பேசாமல் என்ன ஆசிரியத் தொழில்? "மகள், கதைக்கவும் ஏலாத வருத்தமொண்டு இருக்கா?" என்று உம்மா அழுதார்.

இருக்கிறது. நரம்பியல் வைத்திய நிபுணர் ஒருவர் கேள்விகளாலேயே அதைக் கண்டுபிடித்தார். முகத்துக்கு உணர்வு தரும் முக்கிளை நரம்பில் வரும் வலி. ட்ரைஜெமினல் நியூரல்ஜியா என்பது மருத்துவப் பெயர். கார்பமசெபின் என்ற குளிசையை எழுதித் தந்தார். ஐந்து நாட்களில் வலி அடங்கியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தரை அசைந்தது. பகலெல்லாம் தூக்கம் கண்ணை அமுக்கியது. சாதாரண தர வகுப்பில் தொகைநிலைத் தொடர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு 'உவமைத்தொகை' என்ற சொல் வரவில்லை. இருபது வருடமாகப் படிப்பிக்கும் சொல். முன் வரிசைப் பிள்ளையொன்று மெதுவாக எடுத்துக் கொடுத்தது. அன்று வீட்டுக்கு வந்து குளிசைப் பெட்டியை வீசிவிடத்தான் நினைத்தேன்.

வீசவில்லை. அதற்குக் காரணம் இந்த மருந்தின் வரலாற்றையும், நம் பழைய மருத்துவ நூல்களில் இருந்த ஒரு முறையையும் தேடி வாசித்ததுதான். இக்கட்டுரை அந்த வாசிப்பின் பயன்.

வலிப்பு மருந்து ஏன் முகத்துக்கு?

கிளினிக் வரிசையில் எனக்குப் பக்கத்தில் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா அமர்ந்திருந்தார். என் கையிலிருந்த குளிசை அட்டையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது இழுப்பு மாத்திர தானே? எங்க அண்ணன் மகனுக்கும் இதத்தான் குடுத்தாங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சிவந்தது. வலிப்பு நோயாளி என்றால் நம் சமூகம் எப்படிப் பார்க்கும் என்பது தெரிந்ததுதானே. அன்று மாலை அட்டையைக் கைப்பைக்குள் மறைத்து வைத்தேன். அது எவ்வளவு பெரிய அறியாமை என்பது பின்னர்தான் புரிந்தது.

1853இல் பிரெஞ்சு மருத்துவர் அர்மான் த்ரூஸோ இவ்வலியை வலிப்போடு ஒப்பிட்டார். திடீரென வந்து, சில கணங்கள் ஆட்டிவிட்டு, திடீரென நிற்கிறது. இரண்டுக்கும் குணம் ஒன்று என்பது அவர் கருத்து. அந்தக் கருத்துக்குக் கைகொடுக்க அப்போது மருந்து இருக்கவில்லை. ஏறத்தாழ 90 வருடங்கள் கழித்து, 1942இல், பெர்கூயிஞோன் என்ற இன்னொரு பிரெஞ்சு மருத்துவர் வலிப்புக்குக் கொடுக்கப்பட்ட பினைட்டோயினை முக வலிக்காரர்களுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்.

நான் விழுங்கும் குளிசை அதற்குப் பின்னர் வந்தது. சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரில் கைகி நிறுவனத்தில் வேலை செய்த வால்டர் ஷிண்ட்லர் 1953இல் அதை உருவாக்கினார். 1962இல் சுவீடன் மருத்துவர் ப்ளோம், முக நரம்பு வலிக்கு அது கேட்கிறது என்று 'லான்செட்' இதழில் எழுதினார். அப்போது அதற்கிருந்தது ஜி 32883 என்ற இலக்கம் மட்டுமே. அமெரிக்காவில் 1968இல் இம்மருந்துக்கு முதலில் அனுமதி கிடைத்தது முக நரம்பு வலிக்குத்தான். வலிப்புக்கான அனுமதி 1974இல் வந்தது. ஆக, அந்த அம்மாவின் அண்ணன் மகனும் நானும் ஒரே வீட்டுக்காரர். வெட்கப்பட எதுவுமில்லை.

மருந்து வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் அதன் கெடுதியும் புரியும். நரம்பு ஒன்று செய்தி அனுப்புவது சோடியம் அயன்கள் உள்ளே பாயும் வாயில்கள் மூலம். ஓய்வில்லாமல் வெடிக்கும் நரம்பில் அந்த வாயில்களை இம்மருந்து கொஞ்ச நேரம் மூடி வைக்கிறது. கன்னத்து நரம்பு அடங்குகிறது. ஆனால் அதே வாயில்கள் மூளை முழுக்க இருக்கின்றன. நடையைச் சமப்படுத்தும் சிறுமூளையும், கண்ணை அசைக்கும் பகுதிகளும் சேர்ந்து மந்தமாகின்றன. அதுதான் தலைச்சுற்று, தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, தூக்கம். 'பக்கவிளைவு' என்று நாம் சொல்வது பக்கத்தில் நிற்கும் வேறொரு பொருளன்று. கன்னத்தில் நன்மையாக இருக்கும் அதே செயல் வேறிடத்தில் கெடுதியாக நிற்கிறது.

கெடுதியே மருந்தான கதையும் இந்நோய்க்கு உண்டு. ஜேர்மன் தொழிற்சாலைகளில் டிரைக்ளோரோஎதிலீன் என்ற திரவத்தின் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் சிலருக்கு முகம் மரத்துப்போயிற்று. 1915இல் பிளெஸ்னர் என்ற மருத்துவர் அதை எழுதினார். முகத்தை மரக்கச் செய்கிறதென்றால் முக வலிக்கும் ஆகுமே என்று அதையே நோயாளிகளுக்கு முகரக் கொடுத்தார்கள். பிறகு அது கைவிடப்பட்டது.

நம் நூல்களின் நிரல்கள்

ஒரு பக்க முக வலியைப் பற்றி எழுதியவர்களுள் பாரசீகத்தின் இஸ்மாயீல் ஜுர்ஜானியை மருத்துவ வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். 12ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய 'ஸகீரயே குவாரஸ்ம்ஷாஹி' பாரசீக மொழியில் எழுந்த பெரும் மருத்துவக் களஞ்சியம். வலியை அவர் நரம்புக்கு அருகிலுள்ள குருதிக்குழாயோடு தொடர்புபடுத்தினார் என்கின்றனர். குருதிக்குழாய் நரம்பை அழுத்துவதே பலருக்குக் காரணம் என்பது இன்றைய மருத்துவமும் ஏற்ற உண்மை. 1960களில் அமெரிக்காவின் பீட்டர் ஜனெட்டா அந்தக் குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கும் சத்திரசிகிச்சையை வளர்த்தெடுத்தார்.

எனக்கு அதைவிடப் பயன்பட்டது வேறொன்று. இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் வலி தீர்ப்பதைப் பேசும்போது அபின் போன்ற மரக்கச் செய்யும் மருந்துகளைத் தனியே பிரித்து எச்சரிக்கிறார். வலியின் கேடு பெரிதா, மருந்தின் கேடு பெரிதா என்று எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அவருக்கு முந்திய அர்ராஸி, உணவுகளின் நன்மைகளையும் அவற்றின் கெடுதிகளை அகற்றும் வழியையும் பற்றித் தனி நூலே எழுதினார். தலைப்பிலேயே இரண்டும் இருக்கின்றன: 'மனாபிஉ', அதாவது நன்மைகள்; 'தப்உ மழார்', அதாவது கெடுதிகளைத் தடுத்தல்.

11ஆம் நூற்றாண்டில் பக்தாதைச் சேர்ந்த கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான் இதை அட்டவணையாக்கினார். 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' என்பது நூலின் பெயர். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் தன்மை என்ன, நன்மை என்ன, கெடுதி என்ன, அந்தக் கெடுதியை நீக்குவது எது என்று கட்டம் கட்டமாக வகுத்தார். இந்நூல் லத்தீனுக்குப் போனபோது 'தக்வீம்' என்ற அரபுச் சொல்லே 'தகூயினும்' என்று தலைப்பில் ஒட்டிக்கொண்டது. யூனானி மருந்து நூல்களில் இம்முறை தொடர்ந்தது. மருந்தின் கெடுதிக்கு ஒரு 'முஸ்லிஹ்', சீர்செய்யும் துணைப்பொருள், சொல்லப்படும். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் யூனானியையும் உள்ளடக்கியதால் இந்த மரபுக்கு நம் நாட்டில் சட்ட அங்கீகாரமும் உண்டு.

நன்மை, கெடுதி, கெடுதி நீக்கம். மூன்று நிரல்கள். எனக்குக் கிடைத்த மருந்துத் துண்டில் முதல் நிரல் மட்டுமே இருந்தது. இரண்டாவதை உடம்பு எழுதியது. மூன்றாவது வெறுமையாகக் கிடந்தது.

ஒரு மருந்து, இரண்டு பெயர்

மூன்றாம் நிரலை நிரப்பத் தொடங்குமுன் ஒரு விபத்து நடந்தது. விடுமுறையில் வேறு ஊரில் இருந்தபோது வலி மீண்டும் வெட்டியது. அங்கே ஒரு தனியார் வைத்தியர் ஒரு துண்டு எழுதித் தந்தார். அதில் இருந்தது வர்த்தகப் பெயர். என் கிளினிக் துண்டில் இருந்தது மருந்தின் பொதுப் பெயர். இரண்டும் ஒன்றென்று எனக்குத் தெரியவில்லை. நானும் பழைய துண்டைக் காட்டவில்லை. நான்கு நாள் இரண்டையும் விழுங்கினேன். நான்காம் நாள் படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியும் இரண்டாகத் தெரிந்தது. இல்லாத படியில் கால் வைத்து விழுந்தேன். முழங்கை சிராய்த்ததோடு போனது, அல்லாஹ் காப்பாற்றினான்.

அப்போதுதான் பேராசிரியர் சேனக பிபிலே நினைவுக்கு வந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, மருந்தியல் பேராசிரியராகி, பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தவர். 1971இல் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து மருந்துக் கொள்கை அறிக்கையைத் தந்தார். அதையொட்டி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவரும் அவரே. நாட்டுக்கு இறக்குமதியான ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. மருந்தை நிறுவனப் பெயரால் அல்லாமல் பொதுப் பெயரால் எழுத வேண்டும் என்பது அவரது வாதத்தின் மையம். 1977 செப்டெம்பரில் கயானாவில் அவர் காலமானார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977இல்தான். கார்பமசெபின் இன்று அப்பட்டியலில் உள்ளது.

பிபிலேயைப் பற்றிப் பேசும்போது விலையைத்தான் எல்லோரும் சொல்வோம். பெயருக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்பது படியில் விழுந்தவளுக்குத் தெரியும். பொதுப் பெயர் தெரிந்த நோயாளி ஒரே மருந்தை இருமுறை விழுங்கமாட்டாள். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்து, கிடைத்த பெயரில் கிடைத்ததை வாங்கியவர்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

நிரப்பிய நிரல்

அதன் பின் ஒரு அப்பியாசக் கொப்பியில் மூன்று நிரல் கிழித்தேன். கெடுதியை நாள், நேரத்தோடு எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். கொப்பியைப் பார்த்த வைத்தியர் அளவைக் குறைத்து, மெல்ல மெல்லக் கூட்டினார். முதல் வாரங்களில் தூக்கமும் தள்ளாட்டமும் கூடுதலாக இருக்கும். இம்மருந்தைக் கரைக்கும் ஈரலின் வேகத்தை இம்மருந்தே கூட்டிவிடுவதால் சில வாரங்களில் பலருக்கு அது குறையும் என்றார். எனக்கு அப்படியே குறைந்தது. மெதுவாகக் கரையும் குளிசைக்கு மாற்றினார்; அதை உடைத்துப் பொடியாக்கக் கூடாது. அந்த வாரங்களில் படியில் கைப்பிடியை விடவில்லை. முக்கியமான பாடத்தைக் காலை முதற் பாடவேளையில் வைக்காமல் மாற்றிக்கொண்டேன். சொற்களைச் சிறு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நிரலில் சிவப்பு மையால் எழுதியவையும் உண்டு. தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் மருந்தை நிறுத்தி உடனே வைத்தியசாலை போக வேண்டும். எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ள ஆசியர்களுக்கு இந்தத் தோல் ஆபத்து கூடுதல் என்பதை 2004இல் தாய்வான் ஆய்வு காட்டியது. மற்றபடி நானாக ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. குழப்பமும் தலையிடியும் வந்தால் இரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும். இருமலுக்கு எரித்ரோமைசின் வகை எழுதினால் இந்தக் குளிசையைச் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இதன் அளவு உடம்பில் ஏறும். கருத்தடைக் குளிசையின் பலனை இது குறைக்கும். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் பேச வேண்டும்.

ரமழானுக்கு இரண்டு மாதம் முன்பே போய்க் கேட்டேன். ஸஹருக்கு ஒன்று, இப்தாருக்கு ஒன்று என்று நேரம் அமைந்தது. எல்லோருக்கும் அப்படி அமையாது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை சலுகைதான், அதை ஏற்பதில் குறைவில்லை. வுழூவுக்கு வெந்நீர் வைக்கிறேன். நீர் கேடு செய்யும் நோயாளிக்குத் தயம்மும் உண்டென்பதை ஸூரத்துன் நிஸாவின் 43ஆம் வசனம் காட்டுகிறது. வலி உச்சத்தில் இருந்த நாட்களில் உரியவரிடம் கேட்டு அதன்படி நடந்தேன். 'ஸப்ர்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஐஸ் நீரை ஊற்றிய நாட்களை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

இப்போது வலி இல்லை என்று சொல்லமாட்டேன். குளிர்க்காற்று கூடினால் ஒரு மின்னல் வந்து போகும். மாலையில் கொஞ்சம் தூக்கமும் இருக்கிறது. எடைபோட்டுப் பார்த்தேன், வலியின் கேடே பெரிது. ஆகவே குளிசை தொடர்கிறது.

சென்ற கிளினிக்கில் அந்தத் தோட்டத்து அம்மாவை மறுபடி கண்டேன். அண்ணன் மகன் மாத்திரையை நிறுத்திவிட்டானாம். "தல சுத்துதுன்னு விட்டுட்டான் டீச்சர், மறுபடி இழுப்பு வந்துருச்சு" என்றார். கொப்பியின் நடுப்பக்கத்தைக் கிழித்து மூன்று நிரல் போட்டுக் கொடுத்தேன். மேலே மருந்தின் பொதுப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். "அடுத்த தடவ அவனையும் கூட்டிட்டு வாங்கம்மா, இதையும் கொண்டாங்க" என்றேன். மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.