சிடுமூஞ்சிக் கிழவர்கள்: ஒரு சண்டையின் வரலாறு

பக்கத்து வீட்டுச் சண்டைக்கு நாடு, மொழி, காலம் எதுவும் கிடையாது. வேலி அரை அடி தள்ளிப் போனது, மரத்தின் இலை இந்தப் பக்கம் விழுந்தது என்று சின்னதாகத் தொடங்கும். பிறகு தொடங்கிய காரணம் மறந்துபோகும், சண்டை மட்டும் நிற்காது. இருவரில் ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் மற்றவருக்குப் பொழுது போகாது என்பதுதான் இதில் வேடிக்கை.

இந்த வேடிக்கையை முழுநீளப் படமாக்கி வெற்றி பெற்ற அமெரிக்கப் படம் 'க்ரம்பி ஓல்ட் மென்'. தமிழில் 'சிடுமூஞ்சிக் கிழவர்கள்' என்று சொல்லலாம். 1993ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று வெளியானது. எழுதியவர் மார்க் ஸ்டீவன் ஜான்சன், இயக்கியவர் டொனால்ட் பெட்ரி. நடித்தவர்கள் ஜாக் லெமன், வால்டர் மாத்தாவ். வெளியானபோது லெமனுக்கு 68 வயது, மாத்தாவுக்கு 73. இரண்டு கிழவர்களை நாயகர்களாக்கி ஒரு காதல் நகைச்சுவைப் படமா என்று யாரும் கேட்டிருக்கலாம். ஆனால் இந்தப் படத்துக்குப் பின்னால் ஏறத்தாழ முப்பது வருட வரலாறு இருந்தது.

கதை என்ன?

மின்னசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர் வபாஷா. அங்கே அடுத்தடுத்த வீட்டில் வசிக்கிறார்கள் ஜான் கஸ்டாஃப்சனும் மேக்ஸ் கோல்ட்மேனும். ஜான் ஓய்வு பெற்ற ஆசிரியர், விவாகரத்தானவர். மேக்ஸ் தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். சிறு வயதில் நண்பர்கள். இப்போது காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கத்துக்குப் பதில் வசவுதான். ஒருவர் காரில் செத்த மீனைப் போட்டு வைக்கும் அளவுக்குப் பகை.

எதிர் வீட்டுக்கு ஏரியல் என்ற கல்லூரிப் பேராசிரியை குடிவருகிறார். ஆன்-மார்கரெட் நடித்த பாத்திரம். இரு கிழவர்களுக்கும் அவர் மேல் ஆசை வருகிறது, பழைய பகைக்குப் புது விறகு கிடைக்கிறது. போதாததற்கு, ஜான் கட்ட வேண்டிய வருமான வரிப் பாக்கிக்காக அவர் வீடே பறிபோகும் நிலை. இத்தனையும் சேர்ந்ததுதான் கதை.

சண்டை தொடங்கிய இடம்: 1966

லெமனையும் மாத்தாவையும் முதன்முதலில் சேர்த்து வைத்தவர் இயக்குநர் பில்லி வைல்டர். படம் 'தி ஃபார்ச்சூன் குக்கி' (1966). கால்பந்து மைதானத்தில் லேசாக அடிபட்ட ஒளிப்பதிவாளராக லெமன், அதைப் பெரிய காயமாகக் காட்டிப் பணம் பறிக்கப் பார்க்கும் தில்லுமுல்லு வக்கீலாக மாத்தாவ். படப்பிடிப்பின் நடுவில் மாத்தாவுக்கு மாரடைப்பு வந்தது. வேலை பல வாரங்கள் நின்றது. அவருக்குப் பதில் வேறு ஒருவரைப் போடாமல் காத்திருந்து படத்தை முடித்தார்கள். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் விருது அந்த வேடத்துக்குத்தான் மாத்தாவுக்குக் கிடைத்தது.

இரண்டு ஆண்டு கழித்து 'தி ஆட் கப்பிள்' (1968) வந்தது. நாடக ஆசிரியர் நீல் சைமன் எழுதி, 1965இல் பிராட்வே மேடையில் வெற்றி பெற்ற நாடகம் அது. மனைவியைப் பிரிந்த இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் தங்குகிறார்கள். ஒருவர் மகா சுத்தக்காரர், மற்றவர் வீட்டைக் குப்பைமேடாக வைத்திருப்பவர். கணவன் மனைவி போலவே சண்டை போடுகிறார்கள். பிற்காலத்துச் சிடுமூஞ்சிக் கிழவர்களின் விதை இங்கேதான் விழுந்தது. அன்று ஒரே கூரையின் கீழ் நடந்த சண்டை, 1993இல் இரண்டு வீடுகளாகப் பிரிந்து நடந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதுமை வந்த இடம்: 1975

சண்டையோடு முதுமையைச் சேர்த்ததும் நீல் சைமன்தான். 'தி சன்ஷைன் பாய்ஸ்' என்ற அவருடைய நாடகம் 1975இல் படமானது. பல காலம் சேர்ந்து மேடை நகைச்சுவை செய்து, பிறகு பேச்சுவார்த்தையே இல்லாமல் பிரிந்துபோன இரண்டு கிழ நடிகர்களை ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகச் சேர்த்து வைக்கப் பார்க்கிறார்கள். ஒரு கிழவராக நடித்தவர் மாத்தாவ். அப்போது அவர் ஐம்பதுகளின் நடுவில்தான் இருந்தார். ஒப்பனை போட்டுக் கிழவரானார்.

இன்னொரு வேடம் முதலில் ஜாக் பென்னி என்ற புகழ் பெற்ற நகைச்சுவை நடிகருக்குத் தரப்பட்டிருந்தது. 1974 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் அவருடைய நெருங்கிய நண்பர் ஜார்ஜ் பர்ன்ஸ். 80 வயதில் அவருக்குச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் கிடைத்தது. நண்பனை இழந்த ஒரு கிழவர், நண்பனோடு சண்டை போடும் கிழவராக நடித்தார் என்பதை அறிந்து அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பின் நிறமே மாறிவிடும்.

1980களில் முதியவர்களின் கதைகளுக்கு ஹாலிவுட்டில் கொஞ்சம் இடம் கிடைத்தது. 'ஆன் கோல்டன் பாண்ட்' (1981), 'கக்கூன்' (1985), 'டிரைவிங் மிஸ் டெய்சி' (1989) மூன்றுமே ஆஸ்கர் பெற்றவை. ஆனால் லெமன்-மாத்தாவ் ஜோடிக்கு அது வறட்சிக் காலம். 1981இல் வந்த 'படி படி' என்ற படம் தோற்றது. பில்லி வைல்டர் அதன்பின் படமே எடுக்கவில்லை. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் இருவர் பெயரும் சேர்ந்து வந்தது 'ஜே.எஃப்.கே.' (1991) படத்தில் மட்டும்தான். அதிலும் இருவரும் சேர்ந்து தோன்றும் காட்சி ஒன்றுகூட இல்லை.

பனியும் மீனும்

அந்த வறட்சியை முடித்தது ஓர் இளைஞர் எழுதிய கதை. மார்க் ஸ்டீவன் ஜான்சன் மின்னசோட்டாக்காரர். அந்த மாநிலத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் ஏரிகள் உண்டு. குளிர்காலத்தில் எல்லாம் உறைந்துவிடும். பனிக்கட்டி 4 அங்குலமாவது கெட்டியானால்தான் அதன் மேல் ஆள் நடக்கலாம் என்பது அங்குள்ள அதிகாரிகள் சொல்லும் கணக்கு. அதில் துளை போட்டு, மேலே சின்னக் குடிசை வைத்து, உள்ளே உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். மணிக்கணக்காக ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கும் பொழுதுபோக்கு இது.

படத்தில் இரண்டு கிழவர்களும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு குடிசை. ஆனால் பக்கத்துப் பக்கத்துக் குடிசை! இவ்வளவு பெரிய ஏரியில், பிடிக்காத ஆளுக்குப் பக்கத்தில் ஏன் உட்கார வேண்டும்? படம் முழுக்கச் சொல்ல வரும் செய்தி இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. இருவருக்கும் மனைவி இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வேலை முடிந்துவிட்டது. தினமும் தவறாமல் பேசுவதற்கு என்று மிச்சம் இருப்பது எதிரி ஒருவன்தான். அவன் வசவுதான் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம்.

தூண்டில் இரை விற்கும் கடைக்காரர் சக், இருவருக்கும் பொதுவான நண்பர். அவர் திடீரென்று இறந்துபோகிறார். நகைச்சுவைப் படத்தின் நடுவில் வரும் இந்த மரணம் சும்மா வைத்ததல்ல. அந்த வயதில் நண்பர்கள் குறைந்துகொண்டே போவார்கள், புதிதாகச் சேர மாட்டார்கள் என்பதை அது சொல்லாமல் சொல்கிறது.

காதல் என்ன செய்தது?

காதல் வந்ததும் சண்டையின் குணம் மாறுகிறது. அதுவரை விளையாட்டாக இருந்தது வினையாகிறது. ஜானின் குடிசையை மெல்லிய பனிக்கட்டிப் பக்கம் தள்ளிவிடும் அளவுக்கு மேக்ஸ் போய்விடுகிறார். அப்போதுதான் பகையின் வேர் வெளியே வருகிறது. இளம் வயதில் மேக்ஸ் விரும்பிய பெண்ணை ஜான் மணந்துகொண்டார். அந்தத் திருமணத்தில் ஜானுக்குச் சுகமில்லை. மேக்ஸுக்கோ வேறொரு நல்ல மனைவி அமைந்தார். தோற்றவன் என்று எண்ணியவன்தான் நன்றாக வாழ்ந்திருக்கிறான், அது தெரியாமலே இத்தனை வருடம் வன்மம் வளர்த்திருக்கிறான்.

கடைசியில் பனியில் மாரடைப்பால் விழுந்து கிடக்கும் ஜானைக் கண்டுபிடிப்பது மேக்ஸ்தான். மருத்துவமனையில், நீங்கள் அவருக்கு உறவினரா நண்பரா என்று கேட்கிறார்கள். சற்றுத் தயங்கி, நண்பன் என்கிறார் மேக்ஸ். 1966இல் மாரடைப்பால் விழுந்தவர் மாத்தாவ், காத்திருந்தவர்களில் ஒருவர் லெமன். 27 ஆண்டுகள் கழித்துத் திரையில் இடம் மாறிவிட்டது.

வசூலும் ஒரு குறையும்

அமெரிக்காவில் படம் ஏறத்தாழ 7 கோடி டாலர் வசூலித்தது. இரண்டே வருடத்தில், 1995இல், 'க்ரம்பியர் ஓல்ட் மென்' என்று இரண்டாம் பாகம் வந்தது. அதில் மேக்ஸுக்குத் துணையாக சோபியா லாரன் வந்தார். அதுவும் நன்றாக ஓடியது. வயதானவர்கள் நடித்தால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு மக்கள் டிக்கெட் வாங்கிப் பதில் சொல்லிவிட்டார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். 68 வயது ஜானும் 73 வயது மேக்ஸும் போட்டி போடும் பெண்ணாக நடித்த ஆன்-மார்கரெட்டுக்கு அப்போது வயது 52. ஆண்களுக்கு முதுமையிலும் காதல் உண்டு என்று காட்டிய படம், அவர்கள் வயதுப் பெண்ணுக்கு அந்த வாய்ப்பைத் தரவில்லை. ஏரியல் எதற்காக அந்த ஊருக்கு வந்தார், அவருடைய தனிமை எப்படிப்பட்டது என்பதைப் படம் அதிகம் கேட்பதும் இல்லை. எழுபதுகளில் இருக்கும் இரண்டு பெண்களை நடுவில் வைத்து, அவர்கள் சண்டையையும் நட்பையும் காதலையும் சொல்லும் 'கிரேஸ் அண்ட் ஃபிராங்கி' என்ற தொடர் 2015இல்தான் வந்தது. ஜேன் ஃபாண்டாவும் லில்லி டாம்லினும் நடித்த அந்தத் தொடர் 2022 வரை ஓடியது.

படத்தில் ஜானின் தந்தையாக, தொண்ணூறைத் தாண்டிய குறும்புக்காரக் கிழவராக வருபவர் பர்ஜெஸ் மெரிடித். உண்மையில் அவர் லெமனைவிட 17 வயதுதான் மூத்தவர். அவர் 1997இல் காலமானார். லெமனும் மாத்தாவும் கடைசியாகச் சேர்ந்து நடித்தது 1998இல், 'தி ஆட் கப்பிள்' இரண்டாம் பாகத்தில். தொடங்கிய சண்டைக்கே திரும்பி வந்தார்கள். மாத்தாவ் 2000 ஜூலை 1 அன்று இறந்தார். லெமன் 2001 ஜூன் 27 அன்று இறந்தார். இடையில் ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே கல்லறைத் தோட்டத்தில்தான் இருவரும் அடக்கம் செய்யப்பட்டார்கள். 2002இல் பில்லி வைல்டரும் அங்கேயே வந்து சேர்ந்தார்.

வபாஷாவில் இந்தப் படத்தின் பெயரால் குளிர்காலத்தில் ஒரு திருவிழா பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. படப்பிடிப்பு பெரும்பாலும் வேறு ஊர்களில்தான் நடந்தது. ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் இந்தக் கிழவர்களைத் தங்கள் ஊர்க்காரர்களாகவே ஏற்றுக்கொண்டார்கள். அதில் வியப்பில்லை. எந்தத் தெருவிலும் இப்படி இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் சத்தம் கேட்கும்வரை இருவருக்கும் பேச்சுத்துணை இருக்கிறது என்று பொருள். ஒரு நாள் சத்தம் கேட்கவில்லை என்றால், போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும்.