பிழையைப் பிடிப்பவர் யார்? திண்ணை முதல் ‘எண்ணும் எழுத்தும்’ வரை கணக்கும் ஆட்டமும்

கணக்கு வகுப்பில் ஆட்டத்தைச் சேர்ப்பது மேலைக் கல்வியியல் தந்த புதுமை என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. குழந்தையின் பிழையை யார் கண்டுபிடித்தார் என்ற கேள்வியோடு அணுகினால் வேறொரு வரலாறு தென்படுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கருங்கல் அதற்கு ஏற்ற களம். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்த பகுதி இது. அதனால் 1822இல் தாமஸ் மன்றோ நடத்திய நாட்டுப் பள்ளிக் கணக்கெடுப்பின் எல்லைக்கு வெளியே நின்றது.

திண்ணைப் பள்ளி

தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி எனப் பாடம் ஏறும். முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20) வரை பின்னங்களின் பெருக்கல் வாய்ப்பாடும் மனப்பாடம். சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் இவ்வழக்கத்தை 1789 முதல் சென்னை எழும்பூர் அநாதை விடுதியில் பொறுப்பேற்றிருந்த ஆண்ட்ரூ பெல் கைக்கொண்டார். இங்கிலாந்தில் அது ‘மதராஸ் முறை’ ஆனது. இங்கு பிழை பிடிப்பவர் மேலே இருந்தார்: ஆசிரியர், அல்லது அவர் சார்பில் சட்டாம்பிள்ளை.

வீட்டுத் திண்ணை

அதே காலத்தில் வீட்டில் நடந்த பயிற்சிக்குச் சட்டாம்பிள்ளை இல்லை. பல்லாங்குழியில் 14 குழிகள். குழிக்கு 5 காய் வைத்தால் 70. எடுத்த காய்கள் எங்கே முடியும், அடுத்த குழி வெறுமையா என்று முன்கூட்டியே எண்ணித்தான் கை வைக்க வேண்டும். ஒரு குழியில் 4 சேர்ந்தால் ‘பசு’. குழிக்குரியவர் உடனே எடுக்காமல் விட்டு ஐந்தாவது காய் விழுந்துவிட்டால் பசு போயிற்று.

முதல் ஆட்டம் 38க்கு 32 என முடிந்ததாகக் கொள்வோம். அடுத்த ஆட்டத்திற்கு வென்றவர் 7 குழி நிரப்பி 3 காய் மிச்சம் வைப்பார். தோற்றவருக்கு 6 குழிதான் நிரம்பும். மிச்சம் 2, ஒரு குழி மூடப்படும். மீதி வரும் வகுத்தலை யாரும் பாடமாகச் சொல்லித்தராமலே ஆட்டம் கேட்டு வாங்குகிறது. எண்ணிக்கை தவறினால் எதிரே இருப்பவர் விடமாட்டார். அவருக்கு அதில் ஆதாயம் உண்டு. எண்ணுவதில் இருவரும் சமம்.

வகுப்பறை

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஏணிப்படிகளும் அட்டைகளுமாகப் பாடத்தைப் பிரித்தது. குழந்தை தன் வேகத்தில் நகர முடிந்தது. சரிபார்ப்பு பெரிதும் அட்டைக்கும் ஆசிரியருக்கும் போயிற்று. இதற்கிடையே, ரா. ராமானுஜம் தலைமையிலான, கணிதக் கற்பித்தலுக்கான தேசியக் கவனக்குழு, 2005 தேசியக் கலைத்திட்டத்திற்கான தன் அறிக்கையில் கணக்கின் மீதான அச்சத்தை முதன்மைச் சிக்கலாக வைத்தது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 1 முதல் 3 வரையிலான வகுப்புகளின் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து, பாடலையும் ஆடலையும் பாடவேளைக்குள் கொண்டுவந்தது.

முடிவு

ஆக, ஆட்டம் பள்ளிக்குள் நுழைந்துவிட்டது; எதிராளியின் கண் முழுமையாக நுழையவில்லை. கருங்கல் தொடக்கப் பள்ளியொன்றில் பல்லாங்குழி வைப்பதானால், இருவரும் மற்றவரின் காயை எண்ணி, மிச்சத்தைப் பலகையில் எழுதி ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த ஆட்டம் தொடங்க வேண்டும். தவற்றை ஒத்த வயதுக் குழந்தை சுட்டும்போது அது தண்டனைக்குரிய குற்றமாகாமல் ஆட்டத்தின் ஒரு நகர்வாகிறது. அச்சம் தணிய அதுவே வழி.